முடுக்காத தகரம்

"இங்கேயே இறக்குங்க, நிழலா இருக்கு."

அண்ணன் சொன்னதும் நாலு பேரும் பெஞ்சை இறக்கினார்கள். அதன் மேல் அப்பாவின் உடல் ஒருமுறை ஆடி அடங்கியது. மகள் அண்ணாந்து மேலே பார்த்தாள். இறக்கிய இடம் கோழிக்கூண்டின் ஓரம்.

கூண்டு என்றால் சின்னப் பெட்டி இல்லை. ஆள் நிமிர்ந்து நடக்கிற உயரத்தில், நாலு பக்கமும் கம்பிவலை அடித்து, தோட்டத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. மேலே, கம்பிவலையைத் தாண்டி வெளியே நீண்ட பழைய தகரத் தகடுகள், நேற்று மத்தியானம் போட்டவை. அவற்றின் நிழலில்தான் இப்போது நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மாவை முதல் நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

அந்தத் தகடுகளில் முதல் வரிசையில் மட்டும்தான் ஸ்க்ரூ இருக்கிறது என்பது அங்கே இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருவர் பெஞ்சில் படுத்திருந்தார்.

அந்தக் கூரைக்காக அப்பா ஒரு மாதம் அலைந்தார். பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். எதையும் தட்டிப் பார்க்காமல் வாங்கமாட்டார். சிமெண்ட் ஷீட் மலிவுதான், ஆனால் அந்தக் கனத்தைக் கூண்டின் கால்கள் தாங்காது; ஒரு கிளை விழுந்தால் இரண்டாகப் போகும். பிளாஸ்டிக் ஷீட் லேசு, இரண்டு கோடை கண்டால் முட்டை ஓடு மாதிரி நொறுங்கும். கடைசியில் பழைய இரும்புக்கடையில், இடித்த கிடங்கு ஒன்றின் தகரம் கிடைத்தது. விரலை மடக்கித் தட்டினார்.

"கேட்டியா பாப்பா? கெட்டிச் சரக்கு. மேல வெள்ளை அடிச்சா சூடு குறையும். கோழி செத்தாலும் இது சாகாது."

"கோழிக்கு மாளிகையா கட்டுறீங்க?" என்று அண்ணன் போனில் சிரித்தான்.

ஏணியில் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் அப்பா திருட்டுத்தனமாக ஏறினார். சமையலறை ஜன்னலில் நிற்கும் அம்மாவின் கண்ணுக்குப் படாத மூலையிலிருந்து தகடு போட ஆரம்பித்தார். அங்கிருந்து ஆரம்பித்ததில், ஒரு தகட்டின் மேல் அடுத்தது ஏறும் வாய் காற்று வருகிற பக்கமாகத் திறந்துகொண்டது.

கீழே ஏணியைப் பிடித்திருந்தவள் அதைச் சொன்னாள். "அப்பா, மடிப்பு காத்துக்கு எதிரா இருக்கு."

"தெரியும். அந்தப் பக்கம் போனா உங்கம்மா பார்த்துடுவா. காத்தை சமாளிச்சுடலாம், உங்கம்மாவை சமாளிக்க முடியாது."

முதல் வரிசை முடிந்ததும் டிரில்லில் சார்ஜ் தீர்ந்தது. மற்ற தகடுகள் மேல் செங்கல்லை வைத்துவிட்டு இறங்கினார். அம்மாவிடம், "ஆள் வந்து போட்டுட்டுப் போயிட்டான். எல்லாம் முடுக்கியாச்சு" என்றார். சாயங்காலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

காலையிலிருந்து ஓர் இலை அசையவில்லை. இப்போது வீட்டுக்குப் பின்னால் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அப்பா மேல் போர்த்திய துணியின் ஓரம் எழும்பி அமர்ந்தது. தலைக்கு மேலே தகரம் 'டப்' என்று ஒருமுறை வாய் திறந்து மூடியது.

அடுத்த வீட்டு டெய்லர் அண்ணாந்து பார்த்தார். "மழை வருதுப்பா. டிரைவர் விவரமான ஆளு. கூரையைப் போட்டு வச்சுட்டுல்ல போயிருக்காரு." நாற்காலியை இன்னும் உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அவள் அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அண்ணா, எல்லாரையும் இங்கேருந்து எழுப்பு. தகரம் முடுக்கல."

"ஆள் வந்து முடுக்கிட்டான்னு அம்மா சொன்னாங்களே."

"ஆள் யாரும் வரல."

அவன் முகம் மெதுவாக மாறியது. "அப்ப யாரு மேல ஏறினது?"

அவள் பெஞ்சைப் பார்த்தாள்.

"நீ எங்க இருந்தே அப்ப?"

"அதை அப்புறம் கேளு. இப்ப எழுப்பு. உன் கால்ல வேணா விழறேன்."

அவன் போன் அடித்தது. அமரர் ஊர்திக்காரன். "கோழிக்கூண்டைப் பத்திப் பேசுற நேரமா இது?" என்றுவிட்டு, போனில் வழி சொல்லிக்கொண்டே வாசலுக்குப் போய்விட்டான்.

மறுபடியும் 'டப்'. இந்த முறை மூட நேரம் எடுத்தது. நேற்று அந்தத் தகரத்தின் ஓரம் அப்பாவின் கையுறையையே கிழித்திருந்தது. அந்த ஓரத்துக்கு நேர் கீழே அம்மாவின் குனிந்த பிடரி, நரைத்த முடி ஒதுங்கி வெளுப்பாகத் தெரிந்தது.

"அம்மா, உள்ளே போய் உட்காரலாம் வா."

"இன்னும் கொஞ்ச நேரந்தான் இவரு இங்க இருப்பாரு. என்னை எழுப்பாதே."

"காத்து அடிக்குதும்மா."

"அடிச்சா அடிக்கட்டும்."

ஏணி கூண்டின் பின்பக்கம் அப்படியே சாய்ந்திருந்தது. அவள் ஏறினாள். தலை கூரைக்கு மேலே வந்தபோது, முடுக்காத முதல் தகடு காற்றை விழுங்கிக்கொண்டு எழும்புவதைப் பார்த்தாள். செங்கல் அதன் மேல் மெதுவாகச் சறுக்கி, அவள் தோளை உரசிப் பின்பக்கம் விழுந்தது. அந்த வாயை அமுக்கிவிட்டால் பின்னால் உள்ளவை அடங்கும். யோசிக்கவில்லை. அப்படியே தகட்டின் மேல் குப்புற விழுந்தாள். காலை வெயில் முழுவதும் தகரத்தில் தங்கியிருந்தது. கன்னமும் உள்ளங்கையும் பொரிந்தன. விழுந்த சத்தத்தில் கீழே எல்லோரும் கத்தினார்கள்.

"ஏய்! என்ன பண்றே நீ?" அண்ணன் ஓடிவந்தான்.

"எழுப்பு! எல்லாரையும் எழுப்பு! அம்மாவை இழு!"

அவள் குரலைக் கேட்டா, தகரம் அவளையும் சேர்த்துத் தூக்கியதைப் பார்த்தா தெரியவில்லை, இந்த முறை அவன் கேள்வி கேட்கவில்லை. நாற்காலிகள் உருண்டன. டெய்லர் உட்கார்ந்த நாற்காலியோடு எழுந்து ஓடினார். பெஞ்சைத் தூக்கி வாசல் பக்கம் கொண்டுபோனார்கள்.

"அவ ஏன்டா மேல இருக்கா?" என்று அம்மா கேட்பது கேட்டது.

ஏணி விஷயத்தை அண்ணன் சொல்லிவிடுவானோ என்று அவள் காதைத் தீட்டிக்கொண்டாள்.

"தகரம் ஆடுதும்மா. நீங்க வாங்க."

சற்று நேரத்தில் அவன் ஏணியடிக்குத் திரும்பி வந்தான். "வண்டி வந்துருச்சு. இறங்கு. அப்பா முகத்தைப் பார்க்க வேண்டாமா?"

"இறங்கினா பறந்துடும். காத்து வாசல் பக்கம்தான் அடிக்குது. எல்லாரும் அங்கதான் நிக்கிறீங்க."

அவன் ஒரு படியில் கால் வைத்தான். வாசலிலிருந்து அவனைக் கூப்பிட்டார்கள். இன்னொரு முறை கூப்பிட்டார்கள். காலை எடுத்துக்கொண்டு போனான்.

அவள் படுத்திருந்த பக்கத்திலிருந்து வாசல் தெரியவில்லை. தலையைத் திருப்ப முடியவில்லை. கண்ணுக்கு நேரே கிடங்குக் காலத்து ஆணி ஓட்டை ஒன்று இருந்தது. அதன் வழியே கீழே கோழிகள் தெரிந்தன. இருட்டியதை மாலை என்று நினைத்து எல்லாம் கம்பில் ஏறி ஒண்டியிருந்தன. ஒன்று மட்டும் கழுத்தைச் சாய்த்து மேலே பார்த்தது.

முதல் துளி முதுகில் விழுந்தது. வண்டியின் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. சரியாகச் சாத்தவில்லை போல; திறந்து மறுபடி சாத்தினார்கள்.

தகரம் அவள் வயிற்றை ஒருமுறை தூக்கிப் பார்த்தது. அவள் இரண்டு கைகளையும் இன்னும் அகலமாக விரித்தாள்.