நிற்காத படம்

அந்த அலுவலகத்தில் எவர் மேஜையிலும் உண்மையான கணினி கிடையாது. கைக்குள் அடங்கும் ஒரு பெட்டியும் திரையும்தான். கணினிகள் எல்லாம் ஊருக்கு வெளியே குளிரூட்டிய கட்டடம் ஒன்றில் ஓடின. அவற்றின் படம் மட்டும் இங்கே வந்தது. மற்ற வேலைக்கு அது சௌகரியம்தான். வீடியோ கூட்டம் என்று வந்தால்தான் மானம் கப்பலேறும். பேசுகிறவரின் முகம் அந்தக் கட்டடத்துக்குப் போய்ச் சுற்றிக்கொண்டு வருவதற்குள், வாய் பிளந்தபடியோ கண் செருகியபடியோ அப்படியே உறைந்துவிடும். பார்த்துப் பார்த்து எல்லாருக்கும் பழகிப்போயிற்று. 'சிலை' என்று அதற்குப் பெயரும் வைத்தாயிற்று. ஒருவர் சிலையானால் அடுத்தவர் பேசத் தொடங்கிவிடுவார்.

இதைச் சரிசெய்யும் பொறுப்பு தம்பியுடையது. அலுவலகமே அவனைத் தம்பி என்றுதான் கூப்பிட்டது. காரணம், வாடிக்கையாளர் பிரிவின் தலைவி அவனுடைய சொந்த அக்கா. கணுக்கால் முறிந்து, மாவுக்கட்டோடு வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். அங்கேயும் ஒரு பெட்டி கொண்டுபோய் வைத்திருந்தான். பல வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு, முகமும் குரலும் தூரத்துக் கட்டடத்துக்குப் போகாமல் பெட்டியிலிருந்து பெட்டிக்கு நேராகவே போகும்படி மாற்றினான். இன்றும் படம் நின்றுபோனால் வேலையை வெளியாளிடம் கொடுத்துவிடுவதாக மேலாளர் சொல்லியிருந்தார்.

கூட்டம் தொடங்கியது.

"என்னடா, இன்னைக்காவது உன் வித்தை பலிக்குமா?" என்றாள் அக்கா.

"கொஞ்சம் சும்மா இரேன். எல்லாரும் கேட்டுட்டு இருக்காங்க."

"கேக்கட்டுமே. போன வாரம் நான் ஒண்ணு கேட்டு, நானே பதிலும் சொல்லி முடிச்சப்புறம்தான் சார் தலையாட்டினாரு."

கிளை அலுவலகத்தில் இருந்த மேலாளரே சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு அந்தக் கணமே வந்து சேர்ந்தது. தம்பிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

கணக்காளர் நீட்டி முழக்கிப் பேசினார். எதுவும் தடைபடவில்லை. அவர் முடித்ததும் மேலாளர் அக்காவிடம் ஏதோ கேட்டார். பதில் இல்லை. கன்னத்தில் கை ஊன்றி, லேசான சிரிப்போடு அவள் முகம் நின்றிருந்தது.

"போச்சு. அக்கா சிலை," என்றார் கணக்காளர்.

"தம்பி, உன் வண்டி மேடு ஏறலையேப்பா," என்றது இன்னொரு குரல்.

அவனுக்குக் காது மடல் சுட்டது. அவசரமாக அக்கா வீட்டு இணைப்பைத் திறந்து பார்த்தான். படம் துளிகூடக் குறையாமல் வந்துகொண்டிருப்பதாகக் காட்டியது. பொய் சொல்கிறது என்று நினைத்து, மூடித் திறந்தான். அதையேதான் காட்டியது. 'வெளிய போயிட்டு மறுபடி வா' என்று அவளுக்குச் செய்தி அனுப்பினான். கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது.

பதில் வரும் என்று, திரையில் அவள் முகம் இருந்த கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்குப் பின்னால் ஜன்னல் திரைச்சீலை மெல்ல மேலெழும்பி அடங்கியது. மறுபடியும் எழும்பியது.

உறைந்த படத்தில் காற்று வீசாது.

"சார்," என்றான். "படம் ஓடுது."

"சரிப்பா, ஆனா அக்கா மட்டும் இன்னும்..."

"இல்ல சார். அக்கா படமும் ஓடுது. ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க."

இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. எப்படி ஓடினான் என்பது பிறகு அவனுக்கு நினைவில்லை. சாவி அவனிடம் இருந்தது. உள்ளே போய்த் தோளைத் தொட்டான். ஊன்றியிருந்த கை சரிய, தலை அவன் மார்பில் வந்து விழுந்தது. ரத்தம் உறைந்துவிடும், அடிக்கடி அசைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்த மாவுக்கட்டுக் கால், நாற்காலிக்குக் கீழே நீட்டியபடியே இருந்தது.

"தம்பி." மேஜையிலிருந்து கணக்காளரின் குரல், பக்கத்தில் நின்று பேசுவது போலத் தெளிவாக வந்தது. "மூச்சு இருக்காப்பா?"

அவள் மூக்கருகே விரலை வைத்தான். வைத்தபடியே நின்றான். திரையின் ஒரு கட்டத்தில் அதே விரல், அதே கணத்தில், அங்கேயே நின்றது.

இல்லை என்று அவன் தலையை ஆட்டினான்.

எந்தக் கட்டத்திலும் ஒரு முகம்கூட அசையவில்லை. மேலாளருக்குப் பின்னால் சுவர்க் கடிகாரத்தின் நொடி முள் மட்டும் போய்க்கொண்டிருந்தது.