ஏறாத முள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, வீடு மாறும்போது கிடைத்தது.

அம்பத்தூரிலிருந்து வேப்பம்பட்டுக்குக் குடிபோனேன். சாமான் கொஞ்சம்தான், புத்தகம் முப்பத்தெட்டு அட்டைப்பெட்டி. ஏற்றிப்போக ஒரு பழைய பிக்கப் வண்டி வந்தது. ஓட்டி வந்தவர் கோமளா. பருத்திப்பட்டுக்காரர், நாற்பத்து மூன்று வயது. வார நாட்களில் அம்பத்தூர் எஸ்டேட்டின் லேத் பட்டறைகளில் கடைந்த உருப்படிகளை ஏற்றிப்போய் ஒரு கம்பெனியில் இறக்குவது அவர் வேலை. அன்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் எனக்குக் கிடைத்தார்.

ஆவடி தாண்டுவதற்குள் பைக்கில் போனவர்கள் இரண்டு பேர் பக்கத்தில் வந்து திட்டிவிட்டுப் போனார்கள். பின்னால் அவ்வளவு புகை. கோமளா காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெட்டியில் என்ன என்று என்னிடம் கேட்டார். புத்தகம் என்றேன். இவ்வளவையும் யார் படிப்பது என்றார். நானும் கதை எழுதுவேன் என்று, அவர் கேட்காமலே, சொல்லிவைத்தேன். (எழுதுகிறவனுக்கு இந்த வியாதி உண்டு.)

“உங்க கதையில யாருனா ஜெயிப்பாங்களா சார்?”

எண்ணிப் பார்த்தேன். இதுவரை பதினொரு கதைகள். இரண்டில் கல்யாணம் முறிந்திருக்கிறது, ஒன்றில் கிணறு தூர்ந்திருக்கிறது, ஒன்றில் ஆடு செத்திருக்கிறது. மற்ற ஏழு கதைகளைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. யாரும் ஜெயிப்பதில்லை என்றேன்.

“அப்ப என்ன வச்சி எழுதாதீங்க” என்றார் கோமளா.

இவரைத்தான் எழுதப்போகிறேன் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

2

தொடக்கங்கள்.

(அ) விடியலின் சாம்பல் வெளிச்சத்தில் அந்த வண்டி கிழட்டு மிருகம் போல இருமிக்கொண்டே

அடித்துவிட்டேன். விடியலில் நான் எழுந்ததே இல்லை.

(ஆ) தொழில்மயமாதல் ஒரு பெண்ணின் தோளில் ஏற்றிவைக்கும் சுமை குறித்து நாம் போதுமான அளவு

இதுவும் போகட்டும். கருத்தரங்கில் தூங்கியவர்களின் பாவம் என்னைச் சும்மா விடாது.

(இ) கோமளாவின் வண்டிக்குப் பதினைந்து வயது. வியாழக்கிழமைக்குள் அதன் புகை குறைந்தாக வேண்டும்.

இதை வைத்துக்கொள்கிறேன். விவரம் இதுதான். வியாழக்கிழமை வண்டிக்கு எஃப்.சி., அதாவது ரோட்டில் ஓடத் தகுதியானது என்ற சான்றிதழ் வாங்கும் நாள். அதற்கு முன் புகைப் பரிசோதனையில் தேற வேண்டும். அந்த வயது வண்டிக்குப் புகை அளவு அறுபத்தைந்தைத் தாண்டக் கூடாது. சனிக்கிழமை அளந்தபோது எண்பத்திரண்டு காட்டியது. எஃப்.சி. இல்லாத வண்டிக்கு அடுத்த திங்களிலிருந்து கம்பெனி கேட் திறக்காது. அந்த நடைக்கு வேறு வண்டி வைத்துவிடுவார்கள். ஒருமுறை வைத்தால் வைத்ததுதான்.

அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: கோமளாவின் கணவர் இராமகிருஷ்ணன்தான் பத்து வருடம் முன்புவரை இந்த வண்டியை ஓட்டியவர். அவரைக் கொன்றுவிட்டால் கதைக்கு ஒரு கனம் வரும் என்று நினைத்தேன், ஒரு வரைவில் கொன்றும் விட்டேன். உண்மையில் முதுகில் ஆபரேஷன் ஆகி, கனம் தூக்கக் கூடாது என்று வீட்டில் இருக்கிறார். மீன் குழம்பு வைக்கிறார். சாப்பிட்டுப் பார்த்தேன், அந்த வரைவைக் கிழித்துப்போட்டேன்.

3

ஷவுகத் அலியின் பட்டறை பூந்தமல்லியில், டிரங்க் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் இருக்கிறது. ஐம்பத்தைந்து வயது. முப்பது வருடமாகப் பழைய பிக்கப் என்ஜின்கள் மட்டுமே பார்க்கிறார். புது வண்டி வந்தால், கம்ப்யூட்டர் வைத்திருக்கிறவனிடம் போ என்று அனுப்பிவிடுவார். செவ்வாய்க்கிழமை காலை கோமளா வண்டியைக் கொண்டுபோனபோது நானும் ஒட்டிக்கொண்டு போனேன். இரும்படிக்கிற இடத்தில் ஈக்கு என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை.

ஷவுகத் அலி என்ஜினை ஓடவிட்டுக் காது கொடுத்தார். புகைக்குழாய்க்குப் பின்னால் உள்ளங்கையைக் காட்டி, கையை முகர்ந்தார். பிறகு, என்ஜினை இறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும், சிலிண்டரைக் கடைய வேண்டும், பத்து நாள் ஆகும்.

எனக்கு உள்ளூர ஒரு திருப்தி. பத்து நாள் என்றால் வியாழக்கிழமை போச்சு, திங்கட்கிழமை போச்சு. பன்னிரண்டாவது கதைக்கும் முடிவு கிடைத்துவிட்டது. (இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அடிக்காமல் விட்டுவைக்கிறேன்.)

கோமளா அசையவில்லை.

“அளக்காம ரிஜெக்ட் பண்ணா எங்க கம்பெனில ஒத்துக்க மாட்டாங்க பாய். ஒரு பீஸு கெட்டதுன்னு சொல்லணும்னா கேஜ் போட்டுக் காட்டணும். என் வண்டிக்கும் போட்டுக் காட்டுங்க.”

முப்பது வருடத்தில் ஷவுகத் அலியிடம் இப்படி யாரும் சொன்னதில்லை. அவர் காது சொன்னால் அதற்கு மேல் முறையீடு கிடையாது. தங்கள் வண்டிகளோடு காத்திருந்த இரண்டு டிரைவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர் உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியை எடுத்து வந்து தூசி தட்டினார். டீசல் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றி, அந்தத் துளைகளில் கேஜைப் பொருத்தி, நான்கு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளந்தார்.

ரிங் தேய்ந்திருந்தால் அழுத்தம் குறைந்திருக்க வேண்டும். நான்கும் நன்றாக இருந்தன, நான்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு. நம்பாமல் இன்னொரு முறை அளந்தார். மறுபடியும் அதே அளவுதான். என்ஜினை இறக்க வேண்டிய அவசியமே இல்லை. என் முடிவும் கையை விட்டுப் போனது.

4

என்ஜின் நன்றாக இருக்கிறது, ஆனால் புகைகிறது. ஏன்?

ஷவுகத் அலி நாசில்களைச் சுத்தம் செய்து மாட்டி, வண்டியை அரை மணி நேரம் ஓடவிட்டார். பிறகு என்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் தடித்த ரப்பர் குழாயைப் பிடித்தார். அந்நேரத்துக்கு அது கை வைக்க முடியாத சூட்டில் இருக்க வேண்டும். அவரோ குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி பிடித்தபடியே நின்றார். சூடு காட்டும் முள் எங்கே நிற்கிறது என்று கோமளாவைக் கேட்டார்.

“அது ஏறவே ஏறாது பாய். ஒம்போது வருஷமா அடியிலேயேதான் கீது. எல்லாம் உங்க கை வேல” என்றார் கோமளா, பெருமையாக.

ஷவுகத் அலியின் கண்களில் ஒரு

இல்லை. அவர் கண்களில் ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடி போட்டிருந்தார், கண்ணாடியெல்லாம் கிரீஸ். குழாயிலிருந்து கையை எடுத்துவிட்டு, டீ குடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் வருவதற்குள் வாசகருக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். என்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் தெர்மோஸ்டாட் வால்வு என்று ஒன்று உண்டு. உள்ளங்கைக்குள் அடங்குகிற பித்தளைச் சாமான். என்ஜின் தேவையான சூட்டுக்கு வரும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் மூடி வைத்திருக்கும். சூடு வந்ததும் திறந்துவிடும். நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு இதன்மேல் பரம்பரைப் பகை. இந்த வெயிலுக்கு எதற்கு இந்த மூடி, இதெல்லாம் குளிர் தேசத்துக்காரனுக்கு, என்று கழற்றி எறிந்துவிடுவார்கள். வண்டிக்காரருக்கும் சந்தோஷம். முள் ஏறாது, நெரிசலில் கொதிக்காது. ஆனால் என்ஜின் கடைசிவரை சூடேறாமலே ஓடும்.

ஒன்பது வருடத்துக்கு முன், ஓர் அக்னி நட்சத்திரத்தில், கோமளாவின் வண்டியிலிருந்து அதைக் கழற்றி எறிந்தவர் ஷவுகத் அலிதான்.

5

இங்கேதான் நான் அவரைச் சந்தேகப்பட்டேன்.

முதல் வரைவில் அவர் டீ குடித்துவிட்டு வந்து, ஒரு புது வால்வைச் சத்தமில்லாமல் மாட்டிவிட்டு, நாசில் சர்வீஸ் பண்ணியாச்சு, இனி புகை வராது என்கிறார். கோமளா கையெடுத்துக் கும்பிடுகிறார். இது நம்பும்படி இருந்தது. முப்பது வருடம் பேர் வாங்கிய மனிதர், இரண்டு டிரைவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, தன் வாயால் தன்னைக் கெடுத்துக்கொள்வாரா? உலகம் தெரிந்தவன் என்ற மிதப்பில் அப்படி எழுதினேன். எனக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான்.

நடந்தது வேறு. அவர் திரும்பி வந்து, வால்வு இருக்க வேண்டிய மூடியைத் திறந்தார். காலி. கோமளாவைக் கூப்பிட்டு அதைக் காட்டினார்.

“இத நான்தான்மா கழட்டிப் போட்டேன். ஒம்போது வருஷமா டீசலு அரைவேக்காடா எரிஞ்சி உள்ள கரி புடிச்சிகினு கீது. வண்டி மேல ஒரு தப்பும் இல்ல. எம்மேலதான்.”

கோமளா அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது வருடமாக எதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டாரோ, அதுதான் கோளாறு. ஒவ்வொரு வருடமும் புகை அளவு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியதற்கும் அதுதான் காரணம். அவருக்குக் கோபம் வந்தது, முகத்தில் தெரிந்தது. காத்திருந்த டிரைவர்களில் ஒருவர் மெதுவாக எழுந்துபோய்த் தன் வண்டியின் முள்ளைப் பார்த்துவிட்டு வந்து தலையைச் சொறிந்தார்.

“மாட்டுனா முள்ளு ஏறுமா?” என்று கேட்டார் கோமளா.

“பாதி வரிக்கும் ஏறும். ஏறணும்.”

“அப்ப மாட்டுங்க.”

6

புதன்கிழமை காலை வால்வு ஏறியது. ஆனால் ஒன்பது வருடக் கரி உள்ளே இருக்கிறதே. பாரம் ஏற்றி நல்ல சூட்டில் ஓட்டினால்தான் எரிந்து போகும் என்றார் ஷவுகத் அலி. பட்டறை ஓரத்தில் கிடந்த உபயோகமில்லாத என்ஜின் கட்டைகளையெல்லாம் வண்டியில் ஏற்றினோம். முன்னால் மூன்று பேர், கோமளா ஸ்டியரிங்கில், நடுவில் நான் கால் மடக்கி. செம்பரம்பாக்கம் பக்கம் புறப்பட்டோம்.

முள் அசைந்தது. ஒன்பது வருடத்தில் முதல்முறையாக அது எழுவதைப் பார்த்ததும் கோமளாவின் கால் தானாக ஆக்சிலேட்டரிலிருந்து எழும்பியது. வண்டி கொதித்துவிடும் என்ற பயம். எனக்கும்தான்.

“கால எடுக்காத. அயித்து” என்றார் ஷவுகத் அலி.

கோமளா அழுத்தினார். பின்னால் கன்னங்கரேல் என்று புகை கிளம்பி, கிடங்குகளின் சுற்றுச்சுவர் நெடுக உருண்டது. முள் கால்வாசி ஏறி, பாதிக்கு வந்து, அங்கேயே நின்றது. ஏரிக்கரை கண்ணில் பட்டபோது கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். புகை மெலிந்திருந்தது. திரும்பி வரும்போது இன்னும் மெலிந்தது. என்ஜின் சத்தமே மாறிவிட்டது. பாலத்து ஏற்றத்தில் இரண்டாவது கியர் கேட்கிற வண்டி மூன்றாவதிலேயே ஏறியது. கோமளா சிரித்துவிட்டார். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை, ஆனால் கத்தினேன்.

அங்கிருந்து நேரே புகைப் பரிசோதனைக்குப் போனோம். இங்கே மூன்று முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

ஒன்று: இயந்திரம் அறுபத்தாறு காட்டுகிறது. ஒரே ஒரு புள்ளி அதிகம். தமிழ்ச் சிறுகதைக்கென்றே செய்த எண். இதை எழுத என் கை எப்படித் துடித்தது என்பதை யாரிடமும் சொல்ல மாட்டேன்.

இரண்டு: பன்னிரண்டு காட்டுகிறது, கூட்டம் கைதட்டுகிறது. அந்த வண்டிக்குப் பன்னிரண்டு என்று எழுதினால் ஷவுகத் அலியே என்னைப் பட்டறைக்குள் விடமாட்டார்.

மூன்று: நாற்பத்து நான்கு. கோமளா தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, ஒரு தடவை அளந்ததை நம்ப முடியாது, இன்னொரு தடவை அளங்கள் என்று சொல்லிவிட்டார். அளந்தார்கள். நாற்பத்து மூன்று.

மூன்றாவதுதான் நடந்தது. வியாழக்கிழமை எஃப்.சி. கிடைத்தது. திங்கட்கிழமை கேட் திறந்தது.

7

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். அடுத்த வாரம் ஷவுகத் அலி போன் செய்து, நீங்கள் எழுதுகிறவர்தானே, பட்டறைக்கு ஒரு போர்டு எழுத வேண்டும், வாசகம் வேண்டும் என்றார். பதினொரு கதை எழுதியவனுக்கு இது என்ன பிரமாதம்? இப்படி எழுதிக்கொண்டு போனேன்: ‘பழைய பிக்கப் வண்டிகளுக்குத் தெர்மோஸ்டாட் வால்வு மாட்டித் தரப்படும். கூலி இல்லை.’

படித்துவிட்டு முகம் சுளித்தார். தான் என்னவோ தர்மம் செய்கிற மாதிரி இருக்கிறது என்றார். சரி, மேலே ‘யானைக்கும் அடி சறுக்கும்’ என்று போட்டுவிடலாமா என்றேன்.

“யான ஒரு தபாதான் சார் சறுக்கும். வந்த வண்டியிலெல்லாம் நான் கழட்டிகினு இருந்திருக்கேன்.”

கறுப்புப் பலகையில் அவரே சாக்பீஸால் எழுதினார். ‘உங்க வண்டி வால்வை கழட்டிப் போட்டவன் நான்தான். தப்பு பண்ணிட்டேன். முள்ளு ஏறலைன்னா எடுத்துகினு வாங்க. ஷவுகத் அலி.’

இப்படிப் போர்டு வைத்தால் இருக்கிற ஆளும் ஓடிப்போய்விடுவான் என்று பயந்தேன், அவரிடம் சொல்லவும் சொன்னேன். முதல் வாரம் பதினேழு வண்டிகள் வந்தன. திருமழிசையிலிருந்து வந்தது, மாங்காட்டிலிருந்து வந்தது. அதில் பாதி அவர் தொட்ட வண்டியே இல்லை. வேறு யாரோ கழற்றியவை. யார் கழற்றியது என்று அவர் கேட்கவில்லை. மாட்டி முடித்ததும் வண்டி நம்பரை வாசகத்துக்குக் கீழே எழுதிக்கொண்டு வந்தார். முதல் நம்பர் கோமளாவுடையது. அதை அவர் எழுதவில்லை, கோமளாவே வந்து எழுதினார்.

ஜெயிக்கிற கதையை எப்படி முடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை, பழக்கமில்லை. அதனால் உங்களிடமே விட்டுவிடுகிறேன். உங்களிடம் பழைய வண்டி இருந்தால், அரை மணி நேரம் ஓட்டிவிட்டு முள்ளைப் பாருங்கள். பாதியில் நின்றால் கதை உங்களுக்கு முடிந்துவிட்டது, புத்தகத்தை மூடிவிடலாம். அடியிலேயே கிடந்தால் பூந்தமல்லிக்கு வாருங்கள். பட்டறை ஒன்பது மணிக்குத் திறக்கும், வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் தொழுகைக்கு மூடியிருக்கும். பலகையில் இன்னும் பாதி இடம் காலியாக இருக்கிறது. சாக்பீஸ் கீழேயே வைத்திருக்கிறது, எடுத்து எழுதுங்கள்.