என்ஜின் இல்லாமல் மேடேறிய மரிவிக்

என்ஜின் இல்லாத ஜீப்னி வண்டி ஒன்று ஆட்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு எங்கள் சாந்தா மார்சேலா ஊரின் கோயில் மேட்டில் ஏறியது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று சந்தையில் வெங்காயம் விலை இறங்கியிருந்தது. வண்டியின் பெயர் மரிவிக். ஓட்டியவர் தியோடுலோ. பழைய ஜீப்னிகள் இனி ரோட்டில் ஓடக்கூடாது என்று உத்தரவு வந்தபோது என்ஜினைக் கழற்றி விற்றுவிட்டு, கூட்டைக் கோழி அடைய விட்டிருந்தார் மனுஷர். கோழிகளைக்கூட அவர் முழுசாக இறக்கவில்லை. ஒரு பெட்டை சீட்டுக்கடியில் அடைகாத்தபடியே மேட்டுக்குப் போய்த் திரும்பியது.

இதைச் செய்தது புதுமூச்சு வாகனக் கம்பெனி. மணிலாவிலிருந்து கப்பலேறி வந்த அதன் மேனேஜர் கான்ராடோ உர்பீனா, கசங்காத சட்டைக்காரர், ரேடியேட்டர் மூடியைத் திறந்து வாய் வைத்து ஒரே ஒரு ஊது ஊதுவார். பிறகு பானெட்டைத் தட்டி வண்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். வண்டி இருமும், உதறும், கிளம்பிவிடும். டீசல் வேண்டாம், வசூலில் பாதி கம்பெனிக்கு, அவ்வளவுதான். ஓடக்கூடாத வண்டி ஓடுகிறதே என்று போலீஸ்காரர் மறித்தார். என்ஜினே இல்லாததை எந்தச் சட்டத்தில் பிடிப்பது என்று தெரியாமல் விட்டுவிட்டார். ஊருக்கு அப்போதே சந்தேகம். எங்கள் பக்கம் வண்டி வாங்கினால் முன்கண்ணாடிக்கு மேலே பெற்ற பிள்ளையின் பெயரைப் பெரிதாக எழுதிவிடுவோம். பிள்ளை இல்லாதவர்கள் புனிதர் பெயர் எழுதுவார்கள். உர்பீனா சான் ரோக்கே, சான் இசித்ரோ வண்டிகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மற்ற வண்டிக்காரர்களிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: "இந்தப் பேருக்கு உரியவங்க உசுரோட இருக்காங்களா?"

"எதுக்கு அப்படிக் கேக்குறான்?" என்றாள் தியோடுலோவின் மனைவி பெர்பெத்துவா. "செத்தவங்க பேருன்னா வண்டி கோவிச்சுக்குமா?"

"உனக்கு எதுலதான் சந்தேகம் இல்ல? பூசையில குடுக்குற அப்பத்தையே திருப்பித் திருப்பிப் பாக்குறவ நீ."

மரிவிக் அவர்களுடைய ஒரே மகள், பதினாறு வயது. கோயில் பாட்டுக்குழுவில் அவள் குரல்தான் உச்சம். அந்த ஞாயிறு பூசையில் பாட்டு நடுவிலேயே அவளுக்கு மூச்சு அறுந்தது; வாயைத் திறந்தபடி நின்றாள். மழைக்காலம் முடிவதற்குள் கோயில் படியை உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏற முடிந்தது. டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். உள்ளே கியர் மாற்றுகிற சத்தம் கேட்கிறது என்று சொல்லி, சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். மற்ற வண்டிகளில் பெயர் இருந்த பிள்ளைகளும் பள்ளிக்கூட மைதானத்துச் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்து நாய்க்குட்டி மாதிரி இரைத்தார்கள். இதில் என்ன பெரிய ரகசியம்? ஊருக்கே தெரியும். ஊரே ஏறி உட்கார்ந்து காசைக் கைமாற்றிக் கைமாற்றி டிரைவருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

பெர்பெத்துவா உர்பீனாவின் ஆபீசுக்கே போய்க் கேட்டாள். "வயசுப் பொண்ணு, அப்படித்தான் இருக்கும்" என்று சிரித்தார் அவர். அடுத்த ஞாயிறு பூசை நேரத்தில் அவள் மேட்டின் பாதியில் கையை விரித்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் நின்றாள். தியோடுலோ பிரேக் போட்டார். வண்டி நின்ற அதே நொடியில் மேலே கோயிலிலிருந்து மகளின் குரல் எழுந்தது, கிணற்றுத் தண்ணீர் மாதிரி சுத்தமாக.

"இப்ப எடு வண்டிய" என்றாள் பெர்பெத்துவா.

எடுத்தார். குரல் நின்றது.

தியோடுலோ ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதார். பிறகு கத்தியை எடுத்து ஏறி, மகளின் பெயரைச் சுரண்டினார். கடைசி எழுத்து உதிர்ந்ததும் வண்டி செத்தது. ஜனங்கள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கி நடந்தார்கள். மகளுக்கு மூச்சு வந்தது. வீட்டில் உலை வைக்க அரிசி இல்லை.

சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, பெர்பெத்துவா போர்டு எழுதுகிற ஃபிதெலைக் கூப்பிட்டாள். "பேர எடுத்தா நிக்குது. அப்ப யாரோ உசுரோட இருக்குறவங்க பேரு இருந்தாப் போதும்தானே? கான்ராடோ உர்பீனான்னு எழுது."

"அவரு உங்களுக்குப் புள்ளையா அக்கா?"

"தத்து எடுத்துக்கிட்டேன். நீ எழுது."

பெயிண்ட் காய்வதற்குள் வண்டி உறுமியது. கீழே ஆபீசில் உர்பீனா நாற்காலியோடு சாய்ந்தார். விஷயம் பரவியது; ஊர்க் கடைகளில் சிவப்பு பெயிண்ட் தீர்ந்தது, ஒரு டின் விலை இரட்டிப்பானது. வாரம் முடிவதற்குள் எல்லா ஜீப்னிக்கும் ஒரே பெயர். எந்த வண்டி சந்தைக்குப் போகும், எது துறைமுகத்துக்கு என்று தெரியாமல் ஜனங்கள் கொஞ்ச நாள் திண்டாடினார்கள். மைதானச் சுவரோரம் காலியானது. ஊர்த் திருவிழாவில் மரிவிக் தனியாகப் பாடினாள். பெர்பெத்துவா முன்வரிசையில் உட்கார்ந்து வெட்கமில்லாமல் மூக்கைச் சிந்தினாள்.

உர்பீனா மணிலாவுக்கு ஓடப் பார்த்தார். துறைமுகம்வரை நடக்க அவரிடம் மூச்சு இல்லை. வண்டியில் ஏறினால் அவர் மூச்சிலேயே அல்லவா அது ஓட வேண்டும்? பாதி வழியில் வண்டியும் நின்றது, அவரும் மயங்கினார். டிரைவர்கள் பதறி, பாயில் கிடத்தித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அன்றிலிருந்து மேட்டில் ஒரு வண்டி இறங்கிய பிறகே அடுத்த வண்டி ஏறும். வசூலில் பாதி அவருடைய சாப்பாட்டுக்கும் டாக்டருக்கும் போகிறது. முறை வைத்து வீட்டுக்கு வீடு சமைத்துக் கொடுக்கிறார்கள். அவருக்குக் கொஞ்சம் சளி பிடித்தால் போதும், பாதிரியார் பூசையில் தனியாக வேண்டுகிறார்.

பெர்பெத்துவாவின் முறை திங்கட்கிழமை. முருங்கைக்கீரை போட்ட கோழிச் சாற்றை எடுத்துப் போய், அவர் முதுகுக்குத் தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைப்பாள். உர்பீனா கிண்ணத்தை மோந்து பார்ப்பார், அவள் முகத்தைப் பார்ப்பார், மறுபடி மோந்து பார்ப்பார்.

"ஒண்ணும் கலக்கல, குடிங்க சார்" என்பாள். "நாளைக்குச் சந்தை."