குறைந்த சூட்டில்

அந்தக் கட்டடத்தில் அவரை எல்லோரும் ஓவன்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ரொட்டி வேகவில்லை, கேக் ஒரு பக்கம் கருகுகிறது, கதவு சரியாக மூடவில்லை என்று யார் போன் செய்தாலும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவார். உள்ளே ஒரு தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டு, குமிழில் இருநூறு என்று வைத்தால் உள்ளேயும் இருநூறு காட்டுகிறவரை அந்த இடத்தைவிட்டு அசையமாட்டார். "ஓவன் பொய் சொல்லக் கூடாதும்மா" என்று அந்த வீட்டு அம்மாளுக்கு ஒரு பிரசங்கம் வேறு. அதைச் சொல்லும்போது மனுஷனுக்கு ஒரு மிடுக்கு வரும் பாருங்கள், நீதிபதி தோற்றார்.

அப்பேர்ப்பட்டவர் தன் வீட்டு ஓவனையே பொய் சொல்ல வைத்தார். எதற்கு? வேறெதற்கு, ஒரு பெண்ணுக்காகத்தான்.

அவள் மேல்மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவள். ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அதிகாலை ஷிப்டை முடித்துக்கொண்டு வந்த கையோடு இவர் கதவைத் தட்டினாள். ஒரு கையில் பேக்கன் என்கிற உப்பிட்ட பன்றிக்கறிச் சீவல் பாக்கெட், இன்னொரு கையில் ட்ரே.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க ஓவனைக் கொஞ்சம் குடுப்பீங்களா? என் வீட்ல ரெட்டை அடுப்பு மட்டும்தான். சட்டியில போட்டா பேக்கன் சுருண்டு சுருண்டு போயிடுது. எனக்கு ஸ்கேல் மாதிரி நேரா வேணும்."

இவருக்கு முகம் சிவந்துவிட்டது. ஊரார் ஓவனுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவர் தன் ஓவனுக்குள் ஸ்பேனர் டப்பாவையும் பழைய செய்தித்தாள்களையும் அடைத்து வைத்திருந்தார். ஒற்றை ஆளுக்கு எதற்கு ஓவன்? ஒரு முட்டை, ஒரு பன், கதை முடிந்தது. அவள் பார்க்க, அத்தனையையும் அள்ளிக் கட்டிலுக்கடியில் தள்ளினார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அவள் வேலை செய்கிற அழகே தனி. ட்ரேயில் ஃபாயிலைச் சுருக்கமில்லாமல் விரிப்பாள். இஸ்திரி போடுகிற கை அல்லவா. துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் அடுக்கி, இன்னும் சூடேறாத ஓவனுக்குள் வைத்த பிறகுதான் பொத்தானைப் போடச் சொல்வாள். "மெதுவா சூடாகி வந்தாத்தான் கொழுப்பு தானா உருகும். எடுத்தவுடனே நெருப்புல தள்ளினா எதுதான் சுருங்காது?" கொஞ்ச நேரத்தில் உள்ளே சன்னமாகப் பொரிகிற சத்தம் கேட்கும். சுவரெல்லாம் எண்ணெய் தெறிக்கிற ரகளை எதுவும் கிடையாது. வெந்ததும் காகிதத்தில் எடுத்துப்போட்டு ஒத்தி, ஒரு டப்பாவில் அடுக்கிக்கொள்வாள். இரண்டு துண்டு மட்டும் அவர் தட்டில் வைப்பாள்.

"ஓவன் வாடகை," என்பாள். அடுத்த நிமிஷம் டப்பாவோடு பறந்துவிடுவாள்.

வாரா வாரம் இது வழக்கமாகிவிட்டது. அவளுக்குத் தன் வீட்டில் ஒரு நாற்காலி இருக்கிறது என்பதே இவருக்கு ஆறு நாளும் சொர்க்கமாக இருந்தது. அந்த நாற்காலியில் வேறு யாரையும் உட்காரவிடமாட்டார். வருகிறவர்கள்தான் யார், அது வேறு விஷயம். திங்கட்கிழமை விடிந்ததுமே அடுத்த ஞாயிறுக்கு ஏங்க ஆரம்பித்துவிடுவார். எவர் வீட்டிலோ ஓவனுக்குள் தலையை விட்டுக்கொண்டு, அவளிடம் சொல்ல ஒரு கதை கிடைக்காதா என்று தேடுவார். ஒரு வீட்டில் ஓவனுக்குள் ஒளித்து வைத்த கல்யாண ஆல்பம் வெந்துபோன கதையைச் சொன்னார். அவள், தலையணை உறைக்குள் கிடைத்த பல்செட்டைப் பற்றிச் சொன்னாள். "யாரோ கோபத்துல தலையணையைக் கடிச்சிட்டு, பல்லை விட்டுட்டுப் போயிட்டாங்க போல!" இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்து பேக்கன் வெந்துவிட்டது. ஐயோ, அந்தப் பாழாய்ப்போன பேக்கனுக்கு அப்படி என்ன அவசரம்!

மூன்றாவது வாரம் ஒரு விஷயம் நடந்தது. கதவைத் தட்டிவிட்டு, "ஓவன்காரரே, இருக்கீங்களா?" என்றாள். அண்ணாவைக் காணோம். 'அண்ணா' என்கிற சொல் இருக்கிறதே, அது கதவில் போடுகிற சங்கிலி மாதிரி. முகத்தைப் பார்க்கவிடும், அதற்குமேல் ஓர் அங்குலம் நகரவிடாது. அந்தச் சங்கிலியைக் கழற்றியது அவளுக்குத் தெரிந்ததோ என்னவோ, இவருக்குக் காதில் மணியடித்த மாதிரி கேட்டது.

அடுத்த சனிக்கிழமை மாலை, மனுஷன் தன் ஓவன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சூட்டைக் கட்டுப்படுத்துகிற குமிழை உருவினால் அதன் தண்டுக்குள் பொடிசாக ஒரு திருகு தெரியும். அதை ஒரு பக்கமாகத் திருப்பினால், குமிழ் இருநூறு என்று காட்டும், உள்ளே சூடு அதில் முக்கால்வாசிதான் இருக்கும். அவர் ஆயுசில் ஆயிரம் ஓவன்களில் அந்தத் திருகை நேர் செய்திருக்கிறார். கோணலாக்கியது அன்றைக்குத்தான்.

பேக்கன் வேக இரண்டு மடங்கு நேரம் பிடித்தது.

"என்ன இது, இன்னைக்கு இவ்வளவு நேரம் ஆகுது?" என்று அவள் குனிந்து கண்ணாடி வழியே பார்த்தாள்.

"பழைய ஓவன்தானே. வயசாச்சு. இனிமே நிதானமாத்தான் வேலை செய்யும்," என்றார், நாக்கு கூசாமல்.

ஓவன்காரரே சொன்னால் அப்பீல் ஏது? அவள் நம்பிவிட்டாள். ஆனால் அன்றிலிருந்து அவள் கண் அடிக்கடி சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. இவர் அதைப் பார்க்கவில்லை. பார்த்தார், ஆனால் பார்க்கவில்லை; ஆசை வந்த மனுஷனுக்குக் கண் எதற்கு?

போனில் இவர் உளறிக் கொட்டியதைக் கேட்டு, இவருடைய அக்கா காய்ச்சி எடுத்தாள். "ஏண்டா, வாரா வாரம் டப்பாவைத் தூக்கிட்டு ஓடுறாளே, எங்க போறா, யாருக்குன்னு கேட்டியா?"

"மதிய ஷிப்டுக்கா இருக்கும்க்கா. அதெல்லாம் எப்படிக் கேக்கிறது?"

"உனக்கு ஓவன் கதவைத் திறக்கத் தெரியும், வாயைத் திறக்கத் தெரியாது. நாசமாப் போ."

வாயைத் திறப்பதற்குப் பதில் அவர் மறுபடியும் திருகைத்தான் திருப்பினார். இன்னும் கொஞ்சம். பேராசைதான், வேறென்ன சொல்ல? இன்னும் ஐந்து நிமிஷம் கூடக் கிடைத்தால் இந்த ஞாயிறு சொல்லிவிடலாம் என்று நினைத்தார். என்ன சொல்வது என்றுகூட ஒத்திகை பார்த்து வைத்திருந்தார்.

அந்த ஞாயிறு அவள் உட்காரவே இல்லை. நின்றபடியே தவித்தாள். "போதும், எடுத்துடட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கதவைத் திறந்தால் துண்டுகள் வெள்ளை வெளேரென்று கொழகொழவென்று கிடந்தன. மறுபடி மூடினாள். ஒருவழியாக வெந்ததும் விரல் சுடச்சுட அடுக்கிக்கொண்டு, அவருக்கு வைக்க வேண்டிய இரண்டு துண்டை மறந்து, படிகளில் உருண்டு விழாத குறையாக ஓடினாள். ஒத்திகை பார்த்த வசனத்தைக் கேட்க ஆளில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவர் குப்பையைக் கொட்டக் கதவைத் திறந்தார். அவர் வாசலுக்கு நேரே, படியில், அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்த டப்பா, மூடி திறக்காமல்.

"பஸ்ஸு கண்ணு முன்னாடி போயிடுச்சு," என்றாள். அழுது முடித்த குரல்.

"அடுத்த பஸ்..."

"அடுத்ததுல போய் என்ன பண்ண? பிள்ளை இருக்கமாட்டா." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு ஒரு பொண்ணு இருக்கா. ஏழு வயசு. அவங்க அப்பாகிட்ட இருக்கா. ஞாயித்துக்கிழமை காலையில மட்டும் நான் போய்ப் பார்க்கலாம். சொன்ன நேரத்துக்கு நான் வரலைன்னா அவளைக் கூட்டிட்டு அவங்க பாட்டி வீட்டுக்குக் கிளம்பிடுவாரு. அதுதான் பேச்சு. கொஞ்ச நாளாவே லேட்டாத்தான் போறேன். போய்ச் சேரும்போது அவளுக்குச் செருப்பு மாட்டிக்கிட்டு இருப்பாங்க. டப்பாவைக் குடுத்துட்டு, தலையைத் தடவிட்டு வந்துடுவேன். இன்னைக்கு அதுவும் இல்ல."

அவர் கையில் குப்பைப்பை தொங்கியது. அதைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

"அவளுக்குப் பேக்கன் நேரா இருக்கணும். தட்டுல வீடு கட்டி விளையாடிட்டுத்தான் சாப்பிடுவா. சுருண்டிருந்தா சுவர் நிக்காதாம்." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "உங்ககிட்ட இதையெல்லாம் சொன்னதே இல்ல. சொன்னா எல்லாரும் முதல்ல கேக்கிறது, பிள்ளையை ஏன் விட்டுட்டு வந்தேன்னுதான். நீங்க ஒருத்தர்தான் எதையும் கேக்கல. உங்க வீட்ல வந்து உக்காந்தா நெஞ்சு கொஞ்சம் லேசா இருக்கும். பஸ்ஸு மேலதான் ஆத்திரமா வருது எனக்கு."

பஸ் மேலேயே பழியைப் போட்டுவிட்டுக் கம்மென்று இருந்திருக்கலாம். எவனுக்கும் தெரியப்போவதில்லை. ராத்திரியோடு ராத்திரியாகத் திருகை நேராக்கிவிட்டு, அடுத்த வாரம் ஒன்றும் நடக்காத மாதிரி அந்த நாற்காலியைத் துடைத்துப் போட்டிருக்கலாம். அந்த நினைப்பு அவருக்கும் வந்தது, பொய் சொல்வானேன். வந்த வேகத்தில் அதைத் தள்ளிவிட்டு, குப்பைப்பையைக் கீழே வைத்தார்.

"பஸ் இல்ல," என்றார். "ஓவன்."

"அதான் பழசுன்னு சொன்னீங்களே."

"பழசில்ல. நல்லாத்தான் இருக்கு. நான்தான் சூட்டைக் குறைச்சு வெச்சேன். உள்ள ஒரு திருகு இருக்கு."

அவளுக்குப் புரியவில்லை. "எதுக்கு?"

"நீங்க இன்னும் கொஞ்ச நேரம் உக்காந்திருக்கணும்னு." "உங்களைப் பார்க்காம என்னால இருக்க முடியல. வாரம் முழுக்க அதுக்காகத்தான் காத்துட்டிருக்கேன். பிள்ளை விஷயம் சத்தியமாத் தெரியாது. தெரிஞ்சிருந்தா இந்தக் கையை வெட்டிப் போட்டிருப்பேன்."

கத்துவாள் என்று எதிர்பார்த்தார், கத்தியிருந்தால் தேவலை.

"எத்தனை நாளா?"

"நீங்க அண்ணான்னு கூப்பிடறதை விட்டதிலேர்ந்து."

அவள் எழுந்தாள். டப்பாவை அவர் கையில் வைத்தாள். "சாப்பிடுங்க. மெதுவாவே சாப்பிடுங்க. உங்களுக்குத்தான் அவசரமே இல்லையே." மேலே ஏறிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். படாரென்று சாத்தவில்லை, மெல்லத்தான் சாத்தினாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

அந்த வாரம் அவர் ஒரு வேலைக்கும் போகவில்லை. வெள்ளிக்கிழமை அவள் வேலை முடிந்து வருகிற நேரத்துக்கு மேல்மாடி வாசலில் நின்றார். பக்கத்தில், தள்ளுவண்டியில் கட்டி, ஒவ்வொரு படியாக மூச்சு வாங்க ஏற்றிக் கொண்டுவந்த அவருடைய ஓவன்.

"நான் உங்ககிட்ட எதுவும் கேக்கலையே," என்றாள் அவள்.

"நீங்க கேக்க வேணாம். என்னை மன்னிக்கவும் வேணாம். இது பிள்ளைக்கு. மாட்டிட்டுப் போயிடறேன்."

கையைக் கட்டிக்கொண்டு யோசித்தாள். பிறகு வழிவிட்டாள். அந்த வீட்டுக்குள் அவர் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. செருப்பு ஸ்டாண்டில் ஒரு ஜோடிக் குட்டிச் செருப்பு, ஒருநாள்கூட மண் படாமல் புத்தம் புதிதாக இருந்தது. கட்டிலில் பெரிய தலையணைக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தலையணை. விரிப்பு ஹோட்டல் விரிப்பு மாதிரி ஒரு சுருக்கமில்லாமல் இருந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு ஒயரை மட்டும் பார்த்து வேலை செய்தார். திருகை நேராக்கி, உள்ளே தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டு, குமிழை இருநூறில் வைத்து, கண்ணாடி முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். அது சரியான இடத்துக்கு ஏறி நிற்கிற வரைக்கும் அங்கிருந்து அசையவில்லை.

"இனி அது பாட்டுக்குச் சரியா வேலை செய்யும்," என்று பையை மூடினார்.

"அப்போ உங்களுக்கு?"

"ஒரு முட்டை, ஒரு பன். அதுக்கு எதுக்கு ஓவன்?"

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் சமையலறையில் உட்கார்ந்திருந்தார். ஓவன் இருந்த இடம் பொக்கைவாயாகத் திறந்து கிடந்தது. ஜன்னல் வழியாக மேலேயிருந்து வாசனை இறங்கி வந்தது. முதலில் லேசாக, பிறகு உப்பும் புகையுமாக. எந்தக் கட்டத்தில் அவள் குனிந்து பார்ப்பாள், எப்போது காகிதத்தை விரிப்பாள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. வாசனை அடங்கியது. மேலே பூட்டுகிற சத்தம் கேட்டது. அவர் எழுந்து போய், தன் வாசல் கதவுக்கு உள்பக்கம், தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

படியிறங்குகிற சத்தம் வந்தது. ஒரு நிமிஷம் நில்லேன், என்று மனசு கெஞ்சியது. நின்னுடாதே தாயி, என்றும் அதே மனசுதான் கெஞ்சியது.

காலடி அவர் வாசலுக்கு நேராக வந்தது. மெதுவானது. நின்றேவிட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் அவள் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. டப்பாவை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றுகிறாள். தட்டத்தான் போகிறாள்.

இத்தனை நாள் இதற்காகத்தானே ஏங்கினார்? தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தார்.

"ஓடுங்க!" என்று உள்ளேயிருந்தே கத்தினார். "பஸ் போயிடும், ஓடுங்க!"

அப்புறம் செருப்புச் சத்தம் படிகளில் தடதடவென்று இறங்கியது. தெருக்கதவு திறந்து மூடியது. அவர் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு, பஸ் வந்து நின்று கிளம்புகிறவரை காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.