சான் பிளாஸ் வாசலில் நிமியாவின் ட்ரம்பெட்

அக்கா நிமியாவின் ஞானப்பல் சொத்தையாகி வெகு காலமாகியிருந்தது. கிராம்பை ஈறில் அடக்கிக்கொண்டே அவள் ட்ரம்பெட் ஊதினாள். கன்னம் வீங்கிய நாட்களில் தலையை இடப்பக்கம் சாய்த்து ஊதுவாள். பார்த்தவர்கள் அதை ஸ்டைல் என்று நினைத்தார்கள்.

ஆனால் இந்த வருடம் ஏமாற்ற முடியாது. சான் பிளாஸ் திருவிழாவில் புனிதரின் சுரூபம் கோயில் வாசலைத் தாண்டும்போது முதல் அழைப்பை ஒரே ஒரு ட்ரம்பெட் தனியாக ஊத வேண்டும். அதன் பிறகுதான் பேண்ட் சேரும், பவனி நகரும். எங்கள் ஊரில் அதைப் பெண் ஊதியதில்லை. போன வருடம் வரை பேண்டுத் தலைவர் தோன் எலிஹியோவின் மருமகன் வில்ஃபிரிதோதான் ஊதினான். இந்த முறை தலைவர் அக்காவைக் கைகாட்டிவிட்டார். வில்ஃபிரிதோ அன்றிலிருந்து சிரிப்பதில்லை.

"வாசல்ல நிக்கறப்ப பல்லு குத்திச்சுன்னா என்னடி செய்வே?" என்று அம்மா கேட்டாள்.

"புடுங்கிடலாம்" என்றாள் அக்கா.

சுகாதார நிலையத்துக்குச் செவ்வாய்க்கிழமை மட்டும் வரும் பல் டாக்டர் பெர்லா அதைப் பிடுங்கினார். துண்டு துண்டாகத்தான் வந்தது. "சூடு ஆகாது. சிகரெட் ஆகாது. ஸ்ட்ரா போட்டு எதையும் குடிக்காத. ஒரு வாரம் ட்ரம்பெட்டத் தொடாத. ஜில்லுனு குடிக்கலாம், நல்லது" என்று சொல்லி அனுப்பினார்.

அம்மா வீட்டுக்கு வந்ததும் சமையலறையில் கிடந்த ரோஸ் நிற ஸ்ட்ராக்களைக் குப்பையில் போட்டாள். சூடான மாத்தே இலைப்பானத்தை நிறுத்தினோம். அதற்குப் பதிலாக, அதே இலையில் ஐஸ் தண்ணீர் ஊற்றிக் குடிக்கும் தெரெரேதான், விடியற்காலையிலிருந்தே. பனிக்கட்டி மிதக்கும் ஜாடி, இலைத்தூள் நிறைந்த மாட்டுக்கொம்புக் குவளை, அதில் செருகிய வெள்ளிக் குழல். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து ஒரே குவளையில் மாறி மாறிக் குடிப்போம்; பள்ளியை விட்டதிலிருந்து அதில் ஊற்றிக்கொடுப்பவள் நான். எல்லோரும் பேசுவார்கள், நான் ஊற்றுவேன். எனக்கு அது வசதி.

இரண்டு நாள் அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் குறைய வேண்டிய வலி கூடியது. காதுவரை இழுத்தது. துருப்பிடித்த ஆணியைச் சப்புவது போல வாயெல்லாம் ஒரு சுவை. மரவள்ளிக்கிழங்கை மசித்துக் கொடுத்தாலும் தள்ளிவிட்டாள்.

பக்கத்து வீட்டு தெயோலிந்தா அத்தை புதினாவை இடித்துக்கொண்டு வந்தாள். "ஜாடியில போடு, பொண்ணே. ராத்திரிக்குள்ள கேக்கும்." பெரியப்பா ஏதோ வேரைக் கொண்டுவந்தார். கடைக்காரி எலுமிச்சைப்புல் என்றாள். எல்லாம் ஜாடியில் விழுந்தன. ஜாடியிலிருந்து குவளைக்கு, குவளையிலிருந்து குழல் வழியாக அக்காவின் வாய்க்கு. மருந்து கூடக் கூட வலியும் கூடியது.

"இன்னும் அழுத்தி உறிஞ்சு. அடியில இருக்கறதுதான் சத்து" என்றாள் அத்தை. அக்கா கண்ணில் நீர் முட்ட உறிஞ்சினாள்.

வில்ஃபிரிதோ வேலிப்பக்கம் வந்து நின்றான். "நான் வேணும்னா ப்ராக்டிஸ் பண்ணி வச்சுக்கறேன், நிமியா. எதுக்கும் இருக்கட்டும்."

"உன் மாமனாருக்கு ஷூ தொடச்சு வை. அதுவும் எதுக்கும் இருக்கட்டும்" என்றாள் அக்கா. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னதால் பாதி வார்த்தைதான் வெளியே வந்தது.

அடுத்த செவ்வாய் அம்மாவும் நானும் அவளை அழைத்துப் போனோம். டாக்டர் பெர்லா விளக்கை வாய்க்குள் காட்டிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார்.

"குழி காலியா கெடக்கு. ரத்தம் உறைஞ்சு மூடியிருக்கணும், எலும்பு தெரியுது. சிகரெட் குடிச்சியா?"

"இல்ல டாக்டர்."

"ட்ரம்பெட்?"

"பெட்டியவே தொறக்கல."

"ஸ்ட்ரா?"

அம்மா முந்திக்கொண்டாள். "அத்தனையையும் தூக்கிப் போட்டுட்டேன் டாக்டர். சோடா கூட வாங்கறதில்ல."

டாக்டர் நெற்றியைத் தடவினார். அறையில் அனல் அடித்தது, மின்விசிறி ஓடவில்லை. யோசித்தபடியே மேசையடியிலிருந்து தன் ஜாடியை எடுத்தார். குவளையில் ஊற்றி ஒரு முறை உறிஞ்சினார். மறுபடி ஊற்றினார். எதிரில் ஆள் இருந்தால் யாரும் செய்வது போல அதை அக்காவிடம் நீட்டினார். அக்காவும் வாங்கிக்கொண்டாள். கன்னம் இரண்டும் குழிய ஓர் இழுப்பு இழுத்தாள்.

"விடு! விடுடி அத! கீழ வை!"

டாக்டர் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. அக்கா குழலை வாயில் வைத்தபடியே விழித்தாள்.

"இதத்தான் வாரம் பூரா குடிச்சியா?"

"இது தெரெரேதானே டாக்டர்" என்றாள் அம்மா. "ஜில்லுனு நல்லதுன்னீங்களே."

"ஜில்லுனு இருந்தா என்ன, உறிஞ்சறப்ப குழியில இருக்கற ரத்தக்கட்டி பிச்சுக்கிட்டு வந்துடும்மா! ஸ்ட்ரா வேணாம்னு ஊரெல்லாம் சொல்றேன், இந்தக் குழல ஒரு நாளும் நெனைக்கல பாரு." தன் கையில் இருந்த ஜாடியைப் பார்த்துத் தானே சிரித்துவிட்டார். "என்ன சொல்ல, எனக்குப் பாடம் எடுத்த வாத்தியாரும் கையில குவளையோடதான் நின்னாரு."

குழியைக் கழுவி, கிராம்பு எண்ணெய் தோய்த்த மருந்துத் துணியை உள்ளே வைத்தார். அக்காவின் தோள் அப்படியே தளர்ந்து இறங்கியது. அன்று அவள் முழுதாக உறங்கினாள்.

"திருவிழாவுக்கு முந்தி வந்து காட்டு. மூடியிருந்தா ஊது, இல்லன்னா வேற யாராவது ஊதட்டும்" என்பதுதான் டாக்டரின் தீர்ப்பு.

கஷ்டம் அதன் பிறகுதான் ஆரம்பித்தது. ஒத்திகை முடிந்தால் பேண்ட் முழுவதும் வட்டமாக உட்காரும். குவளை தன்னிடம் வரும்போது வேண்டாம் என்பவர் வட்டத்தில் இல்லை என்றுதான் அர்த்தம். அக்கா தனியாக ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்து வந்தாள்.

"டம்ளர்ல தெரெரேவா! அசுன்சியோன் பட்டணத்துச் சீமாட்டி வந்திருக்காங்க, வழி விடுங்கப்பா!" என்றான் வில்ஃபிரிதோ. டிரம் அடிப்பவன் புரண்டு சிரித்தான்.

தோன் எலிஹியோ சிரிக்கவில்லை. "எங்ககூட குடிக்க மாட்டேன்னா எங்ககூட ஊதறது எப்படிம்மா?"

என் கையில்தான் ஜாடி இருந்தது. எல்லோரும் என் பக்கமே பார்ப்பது போலிருந்தது. "அவ குழல்ல குடிச்சா வாசல்ல ஊத முடியாது, ஐயா" என்றேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. "உங்களுக்கு எது வேணும்?"

கிழவர் என்னையும் டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஊத்து, மகளே. டம்ளர் நெறைய ஊத்து."

திருவிழாவுக்கு முந்தைய செவ்வாயன்று டாக்டர் விளக்கைக் காட்டினார். இளஞ்சிவப்பாகச் சதை மூடியிருந்தது. தாடை மட்டும் காலையில் விறைக்கும், ஈறு குறுகுறுக்கும். "அது கொஞ்ச நாள் இருக்கும். வலிச்சா நிறுத்திடு" என்றார். அக்கா முதல் பாதியைத்தான் கேட்டாள்.

திருவிழா அன்று வெயில் கொளுத்தியது. ஊரே கோயில் முன்னால் நின்றது. வில்ஃபிரிதோ இரண்டாம் வரிசையில் ட்ரம்பெட்டை உதட்டருகே வைத்துக்கொண்டு காத்திருந்தான். அவள் தடுமாறினால் அந்த இடத்திலிருந்தே அவன் ஊதிவிட வேண்டும் என்று மாமனார் உத்தரவு.

கதவு திறந்தது. சான் பிளாஸ் தோள்களின் மேல் ஆடியபடி வெளியே வந்தார். அக்கா கருவியை உயர்த்தினாள். தலை சாயவில்லை. முதல் சுரம் நேராகக் கிளம்பி கோயில் கோபுரத்து மணியில் பட்டுத் திரும்பியது. இரண்டாவது அதைவிட மேலே போனது. கடைசி சுரத்தை நீட்டினாள், இன்னும் நீட்டினாள், சுரூபம் சுமந்தவர்கள் நடக்க மறந்து நின்றார்கள். வில்ஃபிரிதோவின் ட்ரம்பெட் மெல்ல இடுப்புக்கு இறங்கியது. பேண்ட் சேர வேண்டிய இடம் வந்தும் அவன் வாயைத் திறந்தபடியே நின்றான். தோன் எலிஹியோ அவன் முதுகில் ஒன்று வைத்தார்.

"ஊதுடா, தடியா! பொண்ணு காத்திருக்கா!"

பிறகு கூட்டம் கத்திய கத்தலில் என் காது அடைத்துவிட்டது. முதல் முனை திரும்பியதும், "இன்னொரு தடவ, நிமியா!" என்று யாரோ கூவினார்கள். ஒவ்வொரு தெருமுனையிலும் அதே கூப்பாடு. எல்லாவற்றுக்கும் அவள் ஊதினாள்.

அம்மா கூட்டத்தை இடித்துக்கொண்டு பக்கத்தில் ஓடி வந்தாள். "போதும்டி, பல்லு! பல்லுக்கு ஏதாவது ஆயிடும்!"

"எந்தப் பல்லு?" என்று கேட்டுவிட்டு, அக்கா ட்ரம்பெட்டை மறுபடி உயர்த்தினாள்.