எவாரிஸ்தோவின் காது

டோலவோன் ஊர்ப் பாடகர் குழுவை முன்னால் நின்று கை வீசி நடத்தும் எவாரிஸ்தோ ப்யூவுக்குத் தன் காதைப் பற்றி அப்படியொரு பெருமை. பக்கத்து வீட்டுக் கதவு எந்தச் சுருதியில் கிறீச்சிடுகிறது என்று யாரும் கேளாமலே சொல்லுவார். யாரும் கேட்காததால் அப்படித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அப்படிப்பட்ட காதுக்காரரின் குழு, பியானோ துணையில்லாமல் பாடத் தொடங்கினால் மூன்றாம் சரணத்துக்குள் அரைச் சுருதி இறங்கிவிடும். வருஷா வருஷம் ஐஸ்டெத்வொத் பாட்டுப் போட்டியில் இதே கூத்துதான். பாடி முடித்ததும் நடுவர் பியானோவில் கடைசி ஸ்வரத்தைத் தட்டிப் பார்ப்பார். ஊரறிய மானம் போகும். கோப்பை திரெவெலின் ஊர்க்காரர்களோடு பஸ் ஏறிவிடும். இந்த வருஷமும் தோற்றால் குழுவை விட்டே விலகிவிடுவதாக எவாரிஸ்தோ ரொட்டிக் கடையில் எல்லார் முன்னாலும் சொல்லித் தொலைத்திருந்தார். யாராவது "ஐயோ, வேண்டாம்" என்பார்கள் என்று ஒரு நப்பாசை. கடைக்காரி, "அடுத்து யாரு?" என்றாள்.

குற்றவாளியையும் அவரே கண்டுபிடித்து வைத்திருந்தார். மனைவி அல்வினாவின் தம்பி டெல்ஃபோர். வாய்க்கால் மதகு பார்க்கிறவன், குழுவில் கீழ்க்குரல் பாடுகிறவன். மச்சான் என்பதால் பழி போடவும் வசதியாக இருந்தது. போட்டிக்கு முந்தின ஒத்திகையில் அவனை ஓரமாகக் கூப்பிட்டார்.

"மச்சான், தப்பா எடுத்துக்காத. நாளைக்கு மூணாவது சரணத்துல நீ வாயை மட்டும் அசை. சத்தம் வேணாம்."

"நானா அத்தான் இறக்குறேன்?"

"என் காது பொய் சொல்லாது."

டெல்ஃபோர் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே நின்றான். "சரி, கோப்பை வந்தா போதும்," என்றான். பாட்டை விட்டால் அவனுக்கு வேறு சந்தோஷம் கிடையாது. அது தெரிந்தும் எவாரிஸ்தோ அன்று நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாள் மண்டபம் நிரம்பி வழிந்தது. மூன்றாம் சரணத்தில் டெல்ஃபோர் சொன்னபடியே மீன் மாதிரி வாயைத் திறந்து மூடினான். பாட்டு முடிந்தது. புவெனோஸ் ஐரிஸிலிருந்து வந்த நடுவரம்மா பியானோவைத் தட்டினார். அதே அரைச் சுருதி. எவாரிஸ்தோ உடனே அடுத்த குற்றவாளியைத் தேடிப் பெண்கள் வரிசையை முறைத்தார்.

நடுவரம்மா தீர்ப்புச் சொல்ல மேடையேறி மைக்கைப் பிடித்தார். "டோலவோன் குழு அருமையான குழு. ஆனா பாட்டு முழுக்க ஒரு ஆம்பளைக் குரல் கீழ முனகிக்கிட்டே இருந்துச்சு. பாவம், மொத்தக் குழுவும் அவருக்காக இறங்கிக் குடுத்துட்டாங்க. அவரு குழுவுல பாடுற ஆள் இல்ல. எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நின்னாரு."

யாரப்பா அது என்று எவாரிஸ்தோவும் திரும்பிப் பார்த்தார். மண்டபமே சிரித்தபிறகுதான் உறைத்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் மெல்லக் கேட்டார். "நான் முனகுறது உனக்குத் தெரியுமா?"

"ஊருக்கே தெரியும்," என்றாள் அல்வினா. "தூக்கத்துலகூட முனகுறீங்க."

"ஒருத்தராவது சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா கேக்குற காதா அது?"

காலையில் மதகடிக்குப் போனார். வழி நெடுக ஒத்திகை பார்த்த மன்னிப்பு வாயில் வரவில்லை. "மச்சான், நான் ஒரு மடையன்," என்று மட்டும் வந்தது.

"அது இருக்கட்டும், காலை எடுங்க, தண்ணி திறக்கணும்," என்றான் டெல்ஃபோர். தண்ணீரைத் திறந்துவிட்டுக் கேட்டான். "நெசமாவே விலகுறீங்களா?"

"சொன்னா சொன்னதுதான்."

"அப்போ ஒரே ஒரு தடவை முனகாம கை வீசிட்டுப் போங்க. நானும் வாயைத் திறந்து பாடிக்கிறேன்."

அன்று சாயங்காலம் தேவாலயத்தில் எல்லாரும் கூடினார்கள். அல்வினா, மாத்தே என்ற இலைத் தேநீரை உறிஞ்சிக் குடிக்கும் உலோகக் குழலைக் கணவர் வாயில் செருகி, "இதைக் கடிச்சுக்கிட்டே நில்லுங்க," என்று அதட்டினாள். அந்தக் கோலத்தில் கை வீசினார். முதல் சரணம் போனது, இரண்டாவது போனது. மூன்றாவதில் சுருதி நின்ற இடத்திலேயே நின்றது. அடியில் டெல்ஃபோரின் குரல், அவ்வளவு பேரையும் தாங்கிக்கொண்டு. இத்தனை வருஷமாகத் தன் குரலையே கேட்டுக்கொண்டிருந்த எவாரிஸ்தோ, தன் குழுவை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டார். வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. கண் நிறைந்து முகங்கள் கலங்கித் தெரிந்தன. கடைசி ஸ்வரத்தில் உயர்த்திய கையை இறக்க மனசே வரவில்லை.

கை இறங்கும்வரை ஸ்வரத்தை விட முடியாமல் குழுவினரின் முகங்கள் சிவந்தன. யாரோ தள்ளாடினார்கள். முதலில் மூச்சு விட்டவன் டெல்ஃபோர்தான்.

"அத்தான், கையை இறக்குங்க! போறதுன்னா எங்களை விட்டுட்டுப் போங்க, கொன்னுட்டுப் போகாதீங்க!"