பொன்னுத்துரையின் வெறும் மேசை

“அரே சார், பழைய பேப்பர் வாங்குற கபாடிவாலா வாசல்ல நிக்கிறான். எடைக்குப் போடுறத விட்டுட்டு ஒவ்வொரு புக்கா தடவிக்கிட்டு இருக்கீங்களே!”

“விஜயா, உங்கண்ணன் எழுதின நாவல் இதுக்குள்ளதான்யா எங்கயோ இருக்கு. அதையும் சேத்துப் போடுவியா?”

“பதினஞ்சு வருசமா நாவல், நாவல்னாரு. ஒரு பேஜ் காட்டுனாரா? அடுத்த வாரம் குவார்ட்டர்ஸ் சாவி குடுக்கணும். உங்க நாவல்கிட்ட சொல்லி எக்ஸ்டென்ஷன் வாங்கிக் குடுங்க பாப்போம்!”

சமையலறையில் பாத்திரங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த வசந்தகுமாரிக்கு எல்லாம் கேட்டது. அப்பா பொன்னுத்துரை இறந்து இரண்டு மாதம். சித்தப்பா விஜயனும், அப்பாவோடு வாசகர் வட்டம் நடத்திய முத்துகிருஷ்ணனும் காலையிலிருந்து இப்படித்தான். நாவல் அவளுக்கும் வேண்டும். கட்சால் தீவில் சுனாமி வந்தபோது அவளுக்கு நான்கு வயது. அம்மாவை அலை கொண்டுபோனது. எப்படி என்று கேட்டால் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். எழுத்திலாவது சொல்லியிருப்பார் என்று நம்பினாள்.

கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள்.

“இந்த மேசையப் பாரும்மா” என்றார் முத்துகிருஷ்ணன். “ஒரு துண்டுப் பேப்பர் இருக்காது. பாத்ரூம் போனாக்கூட நோட்டப் பையில போட்டுத் தோள்ல மாட்டிக்குவாரு. உள்ள என்ன ரேஷன் கார்டானு கிண்டல் பண்ணுவோம்.”

அவள் அலமாரியின் கீழ்த்தட்டைக் காலி செய்தாள். உப்புக்காற்றில் உப்பிப்போன புத்தகங்களுக்குப் பின்னால், பாலிதீனில் சுற்றிய பத்தொன்பது நோட்டுகள்.

முதல் நோட்டில் நாலே பக்கம். ஞாயிற்றுக்கிழமைக் காலை, தரை ஆடுகிறது, எல்லோரும் ரப்பர் தோட்டத்து மேட்டுக்கு ஓடுகிறார்கள். பாதி மேட்டில் கதை நின்றுவிட்டது. இரண்டாவதிலும் அதே காலை, அதே பாதி மேடு. மூன்றாவதிலும். கடைசி நோட்டில் மட்டும் இன்னும் இரண்டு வரி இருந்தது.

‘நோட்டு மேசையிலேயே இருக்கு, ஓடிப்போய் எடுத்துட்டு வா என்றேன். பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.’

தோளுக்குப் பின்னால் நின்று வாசித்த முத்துகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றினார். “இதப் போட்டாகணும்மா. இந்த நாலு பக்கம் போதும்” என்றார்.

“அண்ணியக் கொன்னவன்னு ஊரு பேசவா?” விஜயனின் குரல் உடைந்திருந்தது.

“அவரே எழுதிட்டாரேப்பா.”

“எழுதினாரு. யாருகிட்டயாவது குடுத்தாரா?”

வசந்தகுமாரிக்கு அழுகை வரவில்லை. அம்மாவுக்கு ஒரு போட்டோ கிடையாது, சமாதி கிடையாது. அச்சில் வந்தால் அவள் பெயர் ஓரிடத்திலாவது இருக்கும். அப்பாவைக் காட்டிக்கொடுக்கும் பக்கத்தில்.

நோட்டு இப்போது அவளிடம்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவு சொல் என்கிறார் முத்துகிருஷ்ணன். கொளுத்திவிடு என்கிறார் சித்தப்பா. இரண்டு பேரும் பாசத்தில்தான் பேசுகிறார்கள், அதுதான் கஷ்டம். நீங்கள் அவள் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்? அவளைச் சமாதானப்படுத்த வேண்டாம், உங்கள் மனதில் பட்டதைக் கீழே எழுதுங்கள்.